பாய்லர் அணைந்த வருஷம்

அக்கா,

இன்று காலை பக்கத்து லைன் வீடுகளில் கல்யாணச் சமையலுக்கு விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். துரிஞ்சி மரம். மழையில் நனைந்த கட்டையாக இருந்திருக்கவேண்டும். கோடரி விழுந்ததும் அந்தப் பட்டையின் கசப்பு வாசனை கிளம்பி, நம் தட்டிச் சுவரைத் தாண்டி அடுப்படிக்கே வந்துவிட்டது. களி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பை அப்படியே விட்டுவிட்டு நின்றேன். தலையில் ஒன்றுமில்லாமலே கழுத்து கனத்தது. எத்தனை வருஷம் அந்த மரத்தைச் சுமந்தோம் நாம்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. உனக்கு எழுத்து தெரியாது. உயிரோடு இருந்தபோதே உனக்கு வரும் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டவேண்டும். இதை யார் படித்துக் காட்டுவார்கள் என்று கொஞ்சம் யோசித்தேன். பரவாயில்லை, எழுதி முடித்ததும் ஒருமுறை உரக்கப் படித்துவிடுகிறேன். உனக்கு எப்போதும் காது கூர்மை.

நான் இந்த ஊருக்கு வந்த கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆரணிப் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் கோலார் தங்கச் சுரங்க வேலைக்கு என்று கிளம்பியபோது கைக்குழந்தையோடு நானும் வந்தேன். வந்த மறு வருஷமே காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. சுரங்கக் கம்பெனி கொடுத்த லைன் வீடு அவர் பெயரில் இருந்தது. பெயர் போனால் வீடும் போகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பதினாறாம் நாள்கூட ஆகவில்லை, நீ வந்து வாசலில் நின்றாய். நீண்ட உடம்பு, வாயில் புகையிலை, இடுப்பில் சொருகிய சும்மாடு. சுமக்கத் தெரியுமா என்று கேட்டாய். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன் என்றேன். நீ சிரிக்கவில்லை.

"படிப்ப அப்பறம் பாத்துக்கலாம். தல மேல தூக்கத் தெரியுமா?"

மறுநாள் நான் விறகுக் கிடங்கில் இருந்தேன். என் பெயர் கணக்கில் ஏறிற்று, வீடும் நின்றது.

பூதிகோட்டைப் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பால் காட்டிலிருந்தும் வண்டி வண்டியாக விறகு வரும். சுரங்கத்தின் பெரிய சக்கரங்களைச் சுற்றவைக்கும் நீராவிக்காக வரிசையாக பாய்லர்கள் இருந்தன. அவற்றுக்குப் பகல் இரவு தெரியாது, பசி மட்டும் தெரியும். கிடங்கிலிருந்து பாய்லர் வாய்க்கு விறகைக் கொண்டுபோய்ப் போடுவது பெண்கள் வேலை. உள்ளே தள்ளி எரிப்பது ஆண்கள் வேலை. உன் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிட்டவர், அந்தத் தீத் தள்ளுகிறவர்களில் ஒருவர். புருவ மயிர் கருகிப்போன முகம் அவருக்கு. கிடங்குக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். அவர்தான் நம்மை நடத்துவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். யார் தலையில் எந்தக் கட்டை ஏறவேண்டும் என்பதை முடிவுசெய்தது நீ. பிள்ளை உண்டானவளுக்குப் பட்டைக் கூடை. முதல் நாள் இரவு புருஷனிடம் அடிவாங்கியவளுக்கு, யாரும் கேட்காமலே, மெல்லிய கட்டை. எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் முழுப் பாரம் கொடுத்தாய். அன்று நான் தடுமாறாமல் போய் இறக்கியதும் திரும்பிப் பார்த்தேன். நீ வேறெங்கோ பார்ப்பதுபோல நின்றிருந்தாய். ஆனால் பார்த்தாய், எனக்குத் தெரியும்.

பிறகு கம்பங்கள் வந்தன. மேற்கிலிருந்து, வயலும் குன்றும் தாண்டி, ஒன்றன் பின் ஒன்றாக நட்டுக்கொண்டே வந்தார்கள். மேலே கம்பி இழுத்தார்கள். காவேரி அருவியிலிருந்து கரண்டு என்று ஒன்று வரப்போகிறது என்று பேச்சு. கூழ் குடிக்க உட்கார்ந்த நேரத்தில் மாமாதான் விளக்கினார். அங்கே தண்ணீர் விழுமாம், இங்கே சக்கரம் சுற்றுமாம். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நம்மோடு சுமந்த முனியம்மா, அப்படியானால் அங்கே மழை பெய்தால் இங்கே என் துணி நனையுமா என்று கேட்டாள். நீ மட்டும் சிரிக்கவில்லை. கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தாய்.

"அப்போ வெறகு?"

சிரிப்பு நின்றுபோயிற்று.

ஒரே நாளில் நடந்துவிடவில்லை அது. ஒரு பாய்லர் அணைந்தது. கொஞ்ச நாளில் அடுத்தது. வண்டிகள் குறைந்தன. கடைசியில் நம் கொட்டகையில் எரிந்துகொண்டிருந்த ஒன்றும் ஆறிப்போயிற்று. இரும்பு சுருங்கும்போது எழுந்த டக்டக்கென்ற சத்தத்தைக் கேட்டபடி நாம் எல்லாரும் நின்றோம். அந்தக் கொட்டகையில் அவ்வளவு அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. நாளையிலிருந்து யாரும் வரவேண்டாம் என்றார் மேஸ்திரி. அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் நாளை அங்கே வேலை இல்லை.

வேலை போவது ஒரு ஆளோடு நிற்காது என்பதை அந்த மாதம் கண்ணால் பார்த்தேன். விறகு எரிப்பவர்கள் போனார்கள், சுமப்பவர்கள் போனார்கள். அதன்பின் பூதிகோட்டை வண்டிக்காரர்களின் மாடுகள் கட்டுத்தறியில் நின்றன. காட்டில் மரம் வெட்டியவர்கள் கோடரியை விற்க மார்க்கெட்டுக்கு வந்தார்கள். கிடங்கு வாசலில் கூழ் விற்ற கிழவி, அதே பானையோடு மூன்று லைன் சுற்றிவிட்டுப் பாதிக் கூழோடு திரும்பினாள். இளவட்டங்களைச் சுரங்கத்துக்குள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நெஞ்சில் புகை ஏறி இருமுகிறவர்களை, மாமாவைப் போன்றவர்களை, கீழே இறக்கமாட்டோம் என்றார்கள். பெண்களுக்குக் கீழே இடமே இல்லை. ஒவ்வொரு ஷிப்டுக்கும் சங்கு ஊதும்போது சுரங்க வாசலில் கூட்டம் சேரும். அழைக்கப்படாதவர்கள் கலைய மனமில்லாமல் நிற்பார்கள். வேலை இல்லாதவர்களை நடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். எங்கேயும் நேரத்துக்குப் போய்ச்சேர வேண்டியதில்லை என்கிற நடை அது. இந்த லட்சணத்தில், விஷயம் தெரியாமல், நம் பக்கத்து ஊர்களிலிருந்து புது ஆட்கள் மூட்டையோடு ரயிலில் வந்து இறங்கிக்கொண்டும் இருந்தார்கள்.

மாமா தினமும் காலையில் குளித்துவிட்டு, ஆறிப்போன பாய்லர் கொட்டகைக்குப் போய், அதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். யாரும் விரட்டவில்லை. சாயங்காலம் சங்கு ஊதியதும் எழுந்து வீட்டுக்கு வருவார். நீ தட்டில் களியைப் போட்டு, வேலை முடிந்து வந்தவருக்கு வைப்பது போலவே வைத்தாய்.

பிறகு வீட்டுச் செய்தி வந்தது. சுரங்கத்தில் பெயர் இல்லாதவர்கள் லைன் வீட்டை விட்டுவிட வேண்டும். மாத முடிவு வரை பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

அதைக் கேட்ட அன்று நான் மூட்டை கட்டினேன். ஒரு போர்வை, இரண்டு பானை, குழந்தையின் துணி, பைபிள். திரும்பிப்போவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆண்டையின் களத்தில் விடியுமுன் நிற்கவேண்டும். அவர் தெருவில் நடக்க முடியாது. என் மகளை அவர்கள் வீட்டு மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பச் சொல்வார்கள், நான் அனுப்புவேன். இந்த ஊரில் கூலி கொஞ்சம்தான், புழுதியும் இருமலும்தான், ஆனால் சங்கு ஊதி வேலை முடிந்துவிட்டால் அதன்பின் நான் யாருக்கும் ஆள் இல்லை. அந்த ஒன்றுக்காகத்தான் அத்தனை பேரும் இங்கே வந்தோம். அதைத்தான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

நீ உள்ளே வந்தாய். மூட்டை முடிச்சை அவிழ்த்து, பானையை எடுத்து அடுப்பில் வைத்து, உலை போட்டாய். "பசிக்கிதுடி" என்றாய். உன் வீட்டில் சமைத்ததை நான் அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இருந்தும் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். போர்வையை நீயே விரித்துவிட்டுப் போனாய்.

அந்த வாரமே உன் ஊரிலிருந்து ஆண்டை வீட்டுக் காரியக்காரர் இரண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார். குடியாத்தம் பக்கத்து ஊர்களில் அறுப்புக்கு ஆள் பஞ்சம். கோலாரில் வேலை போயிற்று என்ற செய்தி அங்கே நமக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. லைன் முனையில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் நடந்து வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. நீ வாசலில் ஒரு கட்டைமேல் உட்கார்ந்து புகையிலை கிள்ளிக்கொண்டிருந்தாய். நான் உன் பக்கத்தில் இருந்தேன். அவரைக் கண்டதும் என் முழங்கால் தானாக எழப்பார்த்தது. அவர் என் ஊர்க்காரர்கூட இல்லை. நீ என் தோளில் கை வைத்தாய். கை லேசாகத்தான் இருந்தது.

அவர் கோபமாகப் பேசவில்லை. அன்பாகவே பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"இன்னா, ஊரு மறந்துபோச்சா? இங்கதான் ஒண்ணும் இல்லியே. அங்க கொட்டா கீது, கூழு கீது. வண்டி ஏறு, நாளைக்கே அறுப்பு."

நீ உட்கார்ந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தாய்.

"வேலதான் போச்சுங்க. நாங்க போவல."

அவர் நீ எழுந்திருப்பாய் என்று இன்னும் காத்திருந்தார். உன் வாயிலிருந்து 'சாமி' வரும் என்றும் காத்திருந்தார். இரண்டும் நடக்கவில்லை. நீ உள்ளே திரும்பி, பானையைக் காட்டி, ரொம்ப மரியாதையாகக் கேட்டாய்.

"வெயில்ல வந்துகீறீங்க. தண்ணி தரேன், குடிக்கிறீங்களா?"

அவர் முகம் மாறியது. உன் கையால் அவர் தண்ணீர் குடிப்பதாவது. குடையை விரித்துக்கொண்டு திரும்பி நடந்தார். அவர் முதுகு மறையும்வரை நீ அசையவில்லை. பிறகுதான் உன் விரலிடுக்கிலிருந்து புகையிலை கீழே சிந்திற்று.

எல்லாராலும் உன்னைப்போல இருக்க முடியவில்லை. இரண்டு குடும்பங்கள் அந்த வண்டிகளில் ஏறின. நீ அவர்களை ஒரு சொல் குறை சொல்லவில்லை. கேழ்வரகு மாவைத் துணியில் முடிந்து கொண்டுபோய்க் கொடுத்தாய். "இருங்க, சொல்லி அனுப்புறேன்" என்று மட்டும் சொன்னாய். என்னத்தைச் சொல்லி அனுப்பப்போகிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கும் அப்போது தெரிந்திருக்காது.

அந்த நாட்களில் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து ஊருக்குக் குழாய்வழித் தண்ணீர் கொண்டுவரும் வேலை நடந்துகொண்டிருந்தது. பள்ளம் வெட்டுகிறவர்கள் தெலுங்கு பேசும் ஒட்டர்கள். குடும்பம் குடும்பமாக வந்து கொட்டாய் போட்டு வெட்டுவார்கள். அவர்கள் வேலையில் நாம் நுழைய முடியாது. நுழையவும் கூடாது என்று நீ சொன்னாய். அவர்களும் வயிற்றுக்குத்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் காலம் தவறி ஒரு மழை பெய்தது. நிற்காமல் பெய்தது. ஏரிக்குக் கீழே உள்ள வயல்வெளியெல்லாம் சேற்று உளையாகிவிட்டது. இரும்புக் குழாய்களை ஏற்றிவந்த வண்டிகள் அச்சு வரை புதைந்து, மாடுகள் மண்டியிட்டுவிட்டன. பள்ளம் தயாராக வாயைப் பிளந்துகொண்டிருக்க, குழாய்கள் ரோட்டோரம் கிடந்தன. இந்தச் சேதியைச் சொன்னது, வேலையில்லாமல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்த பூதிகோட்டை வண்டிக்காரர் ஒருவர். நீ அவரை இரண்டு தடவை சொல்லவைத்துக் கேட்டாய். எத்தனை தூரம் உளை, எத்தனை கனம் குழாய், அக்கரையில் தரை கெட்டியா என்று.

மறுநாள் காலையில் விறகுக் கிடங்குப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு நீ நடந்தாய். மாமாவைப் போகிற வழியில் பாய்லர் கொட்டகைச் சுவரிலிருந்து எழுப்பினாய். அவரும் வந்தார்.

அங்கே இருந்த ஓவர்சியர் பெங்களூர்ப் பக்கத்துக்காரர். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். நம்மைப் பார்த்ததும் முடியாது என்று கையை ஆட்டினார்.

"ஆகல்ல, ஆகல்ல. இது விறகு இல்லம்மா, இரும்பு."

நீ ரோட்டோரம் கிடந்த குழாய் ஒன்றின்மேல் கை வைத்துப் பார்த்தாய். மழையில் அது சில்லென்று இருந்தது.

"தூக்கறவளுக்கு இரும்பு இன்னா, வெறகு இன்னா. ஒண்ணு தூக்கிக் காட்டறோம். ஆவலன்னா போறோம்."

அவருக்கு வேறு வழியும் இல்லை. சரி என்றார்.

குழாயின் அடியில் குறுக்காகச் சவுக்குக் கழிகளைக் கொடுத்துக் கயிற்றால் கட்டினோம். கழிக்கு இரண்டு பக்கமும் ஆள். சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் வைத்தோம். தூக்கினோம். தூக்கியது சரியாகத்தான் இருந்தது. நாலடி போவதற்குள் என் கால் முழங்கால்வரை உளையில் இறங்கிற்று. என் பக்கம் சாய்ந்தது. கயிறு நழுவி, குழாய் சேற்றில் விழுந்து, எல்லார் முகத்திலும் சேறு. மேட்டிலிருந்து ஒட்டர்கள் சிரித்தார்கள். ஓவர்சியர் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். முனியம்மா அழுதேவிட்டாள்.

நீ கோபப்படவில்லை. எங்களை வரிசையாக நிற்கவைத்து, துணி அளப்பதுபோல உயரம் பார்த்தாய். ஒத்த உயரமுள்ளவர்களை எதிரெதிரே விட்டாய். நான் குள்ளம், என்னைப் போலவே குள்ளமான கன்னியம்மாவை எனக்கு எதிரே நிறுத்தினாய். நீ கடைசிக் கழியில் நின்றாய். அடி எப்படி ஒன்றாக வைப்பது என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து நீ பெயர் சொல்ல ஆரம்பித்தாய். பாட்டு இல்லை, ஏலேலோ இல்லை. எங்கள் பெயர்கள்.

முனியம்மா. ஒரு அடி. கன்னியம்மா. ஒரு அடி. எஸ்தரு. ஒரு அடி.

ஒரு பெயருக்கு எல்லாருமாக ஒரு அடி. பெயர்கள் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. எஸ்தரு என்று என் பெயர் வரும்போதெல்லாம் எனக்குத் தோளில் பாரம் குறைந்ததுபோல இருந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் இருந்ததாம், பிறகு பேசிக்கொண்டோம். உளை முழங்காலைப் பிடித்து இழுத்தது. யாரும் கீழே பார்க்கவில்லை. பாதி வழியில் மேட்டிலிருந்த சிரிப்பு நின்றது. இன்னும் கொஞ்ச தூரத்தில், பள்ளத்துக்குள் நின்றிருந்த ஒட்டர் வீட்டுப் பெண்ணொருத்தி, நீ சொல்லும் பெயர்களைத் தெலுங்கு வாயால் கூடவே சொல்ல ஆரம்பித்தாள். அக்கரையில் கெட்டித் தரை காலில் பட்டபோது நாம் நிற்கவே இல்லை. பள்ளத்து விளிம்பு வரை போய், கயிற்றைத் தளர்த்தி, குழாயைக் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல இறக்கினோம்.

ஓவர்சியர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கி வந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு, பாரம் தூக்காமலே. நாளைக்கும் வரச்சொன்னார். நீ இன்றைக்கே அடுத்த குழாயைத் தூக்குகிறோம் என்றாய்.

மாமாவுக்கும் அன்றே வேலை வந்தது. குழாயோடு குழாய் சேரும் இடத்தில் சணலைத் திணித்து, ஈயத்தை உருக்கி ஊற்றவேண்டும். தூறலில் நனைந்த விறகில் தீ நிற்கவே மாட்டேன் என்றது. மாமா போய்க் குந்தி உட்கார்ந்தார். ஒரு கட்டையைப் பிளந்து உட்பக்கத்தைத் திருப்பி வைத்தார், ஊதினார், காத்திருந்தார். ஈயம் உருகி, அதன் மேலே ஆடை கட்டியது. அன்று சாயங்காலம் அவர் நடந்து வந்த நடையை நீயும் பார்த்தாய். வீட்டுக்குப் போய்ச்சேர வேண்டிய மனிதனின் நடை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார், ஈயத்தைப் பற்றி.

வேலை கிடைத்துவிட்டது. ஆனால் வீடு? ஓவர்சியர் கொடுத்தது அன்றாடக் கூலி. சுரங்கத்தில் நம் பெயர் இல்லை. மாத முடிவு வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் தண்ணீர் வேலையைப் பார்க்கச் சுரங்கத்துப் பெரிய துரை குதிரையில் வந்தார். அப்போது நாம் ஒரு குழாயோடு உளையின் நடுவில் இருந்தோம். அவர் குதிரையை நிறுத்திக் கடைசிவரை பார்த்தார். இறக்கி வைத்து நிமிர்ந்தபோது ஓவர்சியரிடம் ஏதோ கேட்டார். ஓவர்சியர் நம் பக்கம் திரும்பி, துரைக்குச் சந்தோஷம், இனாமாக என்ன வேண்டும் என்று கேட்கிறார் என்றார். கன்னியம்மா மெல்ல, புடவை என்று சொல்லு என்றாள். வேறொருத்தி அரிசி என்றாள்.

நீ சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னால் போனாய்.

"ஒண்ணும் வோணாம் தொரை. பேரு எழுதணும். தண்ணி வேல செய்யிறவங்களும் மைன்ஸு ஆளுங்கதான்னு எங்க பேர எழுதணும். வூடு நிக்கும்."

ஓவர்சியருக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. துரை மறுபடி கேட்டார். ஓவர்சியர் தரையைப் பார்த்தபடி சொன்னார். துரை உன்னைப் பார்த்தார், நாம் கடந்து வந்த உளையைப் பார்த்தார். ஏதோ சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினார். அவர் போனபின்னும் ஓவர்சியர் அப்படியே நின்றார்.

"எழுதச் சொல்லிட்டார்" என்றார் கடைசியில், தானே நம்பாதவர்போல.

மறுநாள் நாம் ஒவ்வொருத்தியாகப் போய்ப் பெயர் சொன்னோம். மேசையில் இருந்தவர் எழுத எழுத, சரியாக எழுதுகிறாரா என்று நான் தலைகீழாகவே படித்துப் பார்த்தேன். என் மூன்றாம் வகுப்புப் படிப்பு அன்றைக்குப் பலன் கொடுத்தது. மாத முடிவு வந்தது. நம் லைனில் ஒரு தட்டிகூடக் கழற்றப்படவில்லை.

நீ சொன்னபடி ஊருக்குச் சொல்லி அனுப்பினாய். ஒரு குடும்பம் உடனே கிளம்பி வந்துவிட்டது. மற்றது அடுத்த அறுப்பு முடிந்தபின், விடியற்காலையில் ஆண்டைக்குத் தெரியாமல் புறப்பட்டு, குடியாத்தம் வரை நடந்து, ரயிலேறி வந்தது. ஸ்டேஷனுக்கு நாம் போயிருந்தோம். இறங்கியவள் உன் காலில் விழப்போனாள். நீ விலகி அவள் மூட்டையை வாங்கிக்கொண்டாய்.

தண்ணீர் வந்த நாளை எழுதாமல் விட முடியாது. நம் லைன் முனையில் குழாய் நட்டு, சுற்றிலும் கல் பாவியிருந்தார்கள். பானையோடு ஊரே நின்றது. திருகியதும் முதலில் காற்றுதான் வந்தது, பூனை சீறுவதுபோல. அப்புறம் துருவோடு சிவப்பாக ஒரு வாய். அதன்பின் தண்ணீர். தெளிந்த தண்ணீர். அதற்கு முன் ஒரு பானைத் தண்ணீருக்கு எத்தனை தூரம் நடந்து, எத்தனை சண்டை போட்டிருக்கிறோம். அங்கே நின்ற கிழவர்கள் அழுதார்கள். எல்லாரும் உன்னை முதலில் பிடிக்கச் சொன்னார்கள். நீ கையில் ஏந்திக் குடித்தாய். ஏதாவது சொல்லுவாய் என்று சுற்றிலும் காத்திருந்தார்கள். நீ மாமாவைத் திரும்பிப் பார்த்தாய்.

"உன் ஈயம்தான் நாறுது."

மாமா உட்பட அந்த இடமே சிரித்தது. இந்த ஊரில் நான் கேட்ட சிரிப்புகளில் அதுதான் பெரியது.

அதன்பிறகு பழையபடி எல்லாம் ஆகிவிட்டது என்று சொன்னால் பொய். தீத் தள்ளியவர்களில் சிலர் ரயில்வேக்குப் போய்விட்டார்கள். கூழ்க் கிழவி அந்த வருஷத்தைத் தாண்டவில்லை. ஆனால் பூதிகோட்டை வண்டிகள் கேழ்வரகும் மணலும் ஏற்றிக்கொண்டு மறுபடி ஓடின. கரண்டு வந்ததால் சுரங்கம் இன்னும் ஆழமாகப் போயிற்று. அதிகக் கல் மேலே வந்தது. வந்த கல்லைப் பொறுக்கித் தரம் பிரிக்கும் கொட்டகையில் பெண்களை எடுத்தார்கள். நம் பெயர்கள் ஏற்கெனவே சுரங்கத்துப் பெயர்களாக இருந்ததால் நம்மைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். நம் வேலையைத் தின்ற கம்பியே நமக்கு வேறு வேலை கொண்டுவந்தது. ஆனால் அது வந்துசேரும்வரை நம்மை இங்கே நிறுத்திவைத்தது கம்பி இல்லை.

நீ கடைசிவரை அந்தக் கொட்டகைக்கு வந்தாய். மார்ச்சளி கட்டி, படுத்த நாலாம் நாள் போய்விட்டாய். உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள், கொட்டகைப் பெண்கள் யார் எங்கே உட்காருவது என்பதை என்னிடம் கேட்டார்கள். நான் ஏன் என்று கேட்டேன். அவர்கள் கூடையோடு காத்து நின்றார்கள்.

போன வாரம் நடந்ததைச் சொல்லத்தான் முக்கியமாக இதை எழுத உட்கார்ந்தேன். சுரங்கத்தின் ஒரு பக்கத்திலிருந்து கல் வருவது குறைந்துவிட்டது. புது மேஸ்திரி வந்து, பாதிப் பேர் போதும், யாரை நிறுத்துவது என்று நீயே சொல்லிவிடு என்றார் என்னிடம். பழைய ஆட்கள் சிலர், புதிதாக வந்தவர்களை அனுப்பிவிடலாம் என்றார்கள். புதிதாக வந்தவர்களில் ஒருத்தி, ஊரிலிருந்து வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை, ஏற்கெனவே கூடையைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்துவிட்டாள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

அக்கா, உன்னைப்போல எனக்கு உயரம் இல்லை, குரலும் இல்லை. இருந்தாலும் எழுந்து சொன்னேன். "யாரையும் நிறுத்த வேணாங்க. நாங்க நாள் மாத்தி மாத்தி வரோம். பேரு மட்டும் அடிக்காதீங்க." கூலி எல்லாருக்கும் பாதியாகும் என்று எங்களவர்களில் ஒருத்தியே முணுமுணுத்தாள். ஆமாம், கொஞ்ச நாளைக்கு எல்லார் வீட்டிலும் களி பாதிதான் என்றேன். மேஸ்திரி, எனக்கு அது தலைவலி என்றார். நான் உட்காரவில்லை, குரலையும் உயர்த்தவில்லை, நின்றேன். முனியம்மா எழுந்தாள். முழங்கால் வலிக்காரி, எழவே நேரமாகும் அவளுக்கு. கன்னியம்மா எழுந்தாள். பிறகு முணுமுணுத்தவளும் எழுந்தாள். மேஸ்திரி எங்களைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல் திரும்ப எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. வரும்வரை எங்களால் இருக்க முடியும் என்று தெரியும். அந்தத் தெம்பு உன்னிடமிருந்து வந்தது, அது என்னைவிட்டுப் போகவில்லை. அந்தப் புதுப்பெண் இன்று தன் முறைக்கு வேலைக்கு வந்தாள். பொறுக்கிய கல்லை எனக்குக் காட்டி, இது சரியா என்று கேட்டாள். சரி என்றேன்.

இந்த வாரம் நம்மில் ஒருத்திகூட ஊருக்குத் திரும்பவில்லை, அக்கா.

உன்
எஸ்தர்